கல்யாண வாசலில் நிற்கமாட்டேன் என்றது ஏன்

கண்ணு,

நீ போன் பண்ணி நாலு நாள் ஆகிறது. நானும் பண்ணவில்லை. இந்தப் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது அத்தே என்று காவ்யா என்னிடமே கேட்டாள். கேட்கும்போது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். இனி உன் பாடு கஷ்டம்தான்.

போனில் பேசினால் மறுபடியும் இரண்டு பேரும் கத்துவோம். செல்லில் நீளமாக எழுதினால் நீ மேலே நாலு வரி, கீழே நாலு வரி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பி வைப்பாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அதிலும் தமிழில். கன்னடம் நீ பிறந்து வளர்ந்த தெருவின் பேச்சு, இங்கிலீஷ் உனக்குச் சோறு போடுகிறது, தமிழை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படிக்கட்டும் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். பூனாவில் உன்னோடு தங்கியிருக்கும் பையன் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது, அது இன்னொரு சௌகரியம். நம் வீட்டில் தமிழ் எழுத்து எப்போதும் அந்த வேலைக்குத்தானே இருந்தது.

அன்றைக்கு நீ கேட்டது பெரிய விஷயமே இல்லை. மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டும், மாப்பிள்ளையின் அம்மா நீதான் நிற்க வேண்டும் என்றாய். நான் முடியாது என்றேன். புருஷன் இல்லாதவள் வாசலில் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றேன். "யாரும்மா இந்தக் காலத்துல அதெல்லாம் பாக்கறாங்க? காவ்யா வீட்டுலயே நீதான் நிக்கணும்னு சொல்றாங்க" என்று கத்தினாய். நானும் கத்தினேன். கடைசியில் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "எல்லாருக்கு முன்னாலயும் என்னைத் தெரிஞ்ச மாதிரி நிக்க உனக்கு வெக்கமா இருந்தா சொல்லிரும்மா." அதோடு போனை வைத்துவிட்டாய். பெற்ற பிள்ளையைத் தெரிந்த மாதிரி நிற்க எனக்கு என்ன வெட்கம், இவன் என்ன உளறுகிறான் என்று அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நீ எந்த நாளை நினைத்து அதைச் சொன்னாய் என்று புரிய எனக்கு மூன்று நாள் பிடித்தது.

புருஷன் இல்லாதவள் என்று சொன்ன காரணம் பொய். அதை நானே நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். உண்மையான காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பாதி உனக்குத் தெரிந்த கதைதான். தெரியாத பாதிக்காகப் பொறுத்துக்கொண்டு படி.

சாமுண்டிபுரத்து வாடகை வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் 'கா' என்றும் 'மா' என்றும் எழுதி வைப்பேன். காலை மாத்திரை, மாலை மாத்திரை. ஹனூர்ப் பக்கத்துப் பெண்ணான எனக்கு மேட்டூரில் சித்தி வீட்டில் தங்கிப் பத்தாவது வரை தமிழில் படித்தது அதற்குத்தான் உதவியது. அந்தத் தெருவில் ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது. வீட்டுக்காரம்மா ஒருநாள் காலண்டரைப் பார்த்துவிட்டு என்னம்மா அது என்று கேட்டபோது எங்கள் பக்கத்து விரதம் என்றேன். அவர் பக்தியோடு தலையை ஆட்டிவிட்டுப் போனார். நீ கூடத்தில் குப்புறப் படுத்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே, "அம்மா, மா ஆச்சா?" என்று குரல் கொடுப்பாய். அது என்னவென்று தெரியாமலே இரண்டு வருஷம் கேட்டாய். ஏழாம் வகுப்பில் உன்னை உட்கார வைத்து எச்.ஐ.வி. என்று பெயரைச் சொன்னேன். எனக்கு இருக்கிறது, உனக்கு இல்லை, ரத்தம் பார்த்தாயிற்று என்றேன். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "மாத்திரை தீந்து போச்சுன்னா யார் குடுப்பாங்க?" நான் ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள் என்றதும் மீதிக் கணக்குப் போடப் போய்விட்டாய். அந்த ராத்திரி நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று உனக்குத் தெரியாது.

உன் அப்பா நஞ்சன்கூட்டில் ஒரு பாக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். நல்ல மனிதர், சிரித்தால் தோள் குலுங்கும். டி.பி. என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அதன் பின்னாலிருந்த நோயின் பெயர் தெரிய வந்தபோது அவரால் பேச முடியவில்லை. எப்படி வந்தது என்று கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, பிறகு கேட்க ஆள் இல்லை. உனக்கு அப்போது ஐந்து வயது. எனக்கும் இருக்கிறது என்று தெரிந்தது. ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. மைசூரில் யாருக்கும் என்னைத் தெரியாது, அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஊர் எனக்குப் பிடித்தது.

மாத்திரை கொடுத்த முதல் நாள் டாக்டர் கால்மணி நேரம் பொறுமையாகப் பேசினார். தங்கமான மனிதர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து மூலையில் இருந்த குப்பைக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவை அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. என்னைவிட ஐந்து வயது சின்னவளாக ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள்தான் மஞ்சுளா, உன் மஞ்சு சித்தி. கொள்ளேகால்காரி, நம்மைப் போலவே வீட்டுக்குள் தமிழ், வெளியே கன்னடம். "அதுல போடாதீங்க அக்கா. கூட்டறவங்க எடுத்துக் குலுக்கிப் பாப்பாங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தன் கைப்பையைத் திறந்து அதே மாதிரி ஒரு டப்பாவை வெளியே எடுத்தாள். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தாள். "இது என்னுது. உள்ள பஞ்சு வெச்சிருக்கேன் பாருங்க. பஸ்ல சத்தமே வராது." ஆட்டிக் காட்டினாள். சத்தம் வரவில்லை. டாக்டர் சொன்ன எதுவும் இன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லை, அந்தப் பஞ்சு ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கினேன். நான் பிழைத்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வருஷம் கழித்து மஞ்சுளாவே என்னைப் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டாள். பியர் கவுன்சிலர் என்று பெயர். அதே நோய் உள்ள ஒருத்தியை அந்த நோய்க்காரர்களுக்குத் துணையாக உட்கார வைக்கிற வேலை. ஆரம்பத்தில் எங்களைக் கண்டால் அங்கே சில பேருக்குப் பிடிக்காது. இவளே நோயாளி, இவள் என்ன சொல்லித் தரப்போகிறாள் என்பார்கள். உட்கார நாற்காலிகூடக் கிடையாது, சுவரில் சாய்ந்து நின்றே பேசுவோம். மாத்திரை உடம்புக்குள் என்ன செய்யும் என்பது டாக்டருக்குத் தெரியும். மாத்திரையை மாமியாருக்குத் தெரியாமல் எந்த டப்பாவில் வைப்பது, முதல் வாரம் தலை சுற்றினால் வீட்டில் என்ன காரணம் சொல்வது, அதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கூட்டி வருவதும் நாங்கள்தான். குண்டலுபேட்டை பஸ்ஸில் நான் போகாத வாரம் இருந்ததா, நீயே சொல்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. முதல் நாளே மஞ்சுளா சொல்லித் தந்தாள். தெருவில், பஸ்ஸில், கோயிலில், கடையில், எங்கே பார்த்தாலும் மாத்திரை வாங்க எங்கள் சென்டருக்கு வருகிறவர்களை நாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவர்கள் முதலில் சிரித்தால்தான் நாம் சிரிக்க வேண்டும். அவர்கள் பேசினால்தான் பேச வேண்டும். ஏனென்றால் நாம் ஒரு தடவை தலையாட்டினால் போதும், கூட இருக்கிறவர் யார் அது என்று கேட்பார். அதற்கு அவர்கள் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டும். தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரர்கள் வரிசையில் நான் நடந்தால் நாலு தெரிந்த முகமாவது எதிரே வரும். என் பார்வை மல்லிகைக் கூடையிலிருந்து வாழையிலைக் கட்டுக்குத் தாவிவிடும், நடுவில் இருக்கும் முகத்தில் நிற்காது. கெட்டிக்காரியாக ஆகிவிட்டேன். கர்வமாகக்கூட இருந்தது.

சில சமயம் அவர்கள் முந்திக்கொண்டு பொய் சொல்லி நம்மை மாட்டிவிடுவதும் உண்டு. ஒரு பெண், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், கடையில் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் மாமியார். யாரும்மா இது என்று அவர் கேட்க, சேலைக்கு பால்ஸ் தைத்துக் கொடுக்கிற அக்கா என்று இவள் சொல்லிவிட்டாள். அந்த மாமியார் அடுத்த வாரமே ஆறு சேலையை மடித்துக் கொடுத்தனுப்பினார். எனக்குக் கிழிந்த பாவாடை தைக்கத்தான் தெரியும். நீயும் நானும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சேலையைப் பாயில் விரித்து, நீ ஒரு ஓரத்தை இழுத்துப் பிடிக்க, நான் தைத்துத் தைத்துப் பிரித்தேன். "அம்மா, இது கோணலாப் போகுது" என்று நீ சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. ஆறாவது சேலையில் கை பழகிவிட்டது. அப்புறம் அந்தத் தெருவே எனக்குச் சேலை கொடுத்தது. நான் வாரா வாரம் அந்த வீட்டுக்குள் போய் அந்தப் பெண்ணுக்கு மாத்திரை எடுத்தாயா என்று காதோடு கேட்டுவிட்டு வர யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவளுக்கு இப்போது பேரன் பிறந்திருக்கிறான்.

இப்போது உனக்குத் தெரியாத பாதிக்கு வருகிறேன். நீ நாலாம் வகுப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். உங்கள் பள்ளியிலிருந்து மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜோடி ஜோடியாகக் கைகோத்து சயாஜிராவ் ரோட்டில் வரிசையாக வந்தீர்கள். நான் எதிரே வந்தேன். என்னோடு அன்றைக்குத்தான் முதல் தடவை சென்டருக்கு வந்த ஒரு பெண். முந்தானையால் முகத்தைப் பாதி மூடியிருந்தாள். நெஞ்சைப் படம் எடுக்க வேறு கட்டிடத்துக்கு அவளைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். உங்கள் வரிசையைப் பார்த்ததும் அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவள் யார் கண்ணில் படக்கூடாதோ அப்படி ஒருவர் அந்த வரிசையில் இருந்தார். பெரியவரா சின்னவரா, யார் என்பதை இத்தனை வருஷம் கழித்தும் நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. அப்போதுதான் நீ கூப்பிட்டாய். "அம்மா!" தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டாய். கையை மேலே தூக்கி ஆட்டினாய். நான் திரும்பினால் நீ ஓடி வருவாய், உன் பின்னால் டீச்சர் வருவார், கூட இருப்பது யார் என்று எல்லாருடைய கண்ணும் அவள் மேல் விழும். நான் உன்னைப் பார்த்தேன், கண்ணு. உன் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லாததைக்கூடப் பார்த்தேன். மார்க்கெட்டில் பழகிய அதே பார்வையால் உன்னைத் தாண்டி எதிர்க் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நடந்து போய்விட்டேன். பின்னாலிருந்து ஒரு பையன் கன்னடத்தில், டேய், உங்கம்மாவுக்கு உன்னைத் தெரியலைடா என்றான். நாலைந்து பிள்ளைகள் சிரித்தார்கள். நீ இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். நானாகத்தான் ஆரம்பித்தேன். "இன்னிக்கு ரோட்டுல நீ போனியாமா? நான் பாக்கவே இல்லை சாமி" என்றேன். நீ தட்டைப் பார்த்தபடியே, "பரவால்லம்மா" என்றாய். நான் தப்பு செய்தது ரோட்டில் இல்லை. அங்கே வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை என்று சொன்னேனே, அதுதான் தப்பு. பார்த்தேன், ஆனால் ஏன் திரும்பவில்லை என்று சொல்ல முடியாது, அது இன்னொருவருடைய விஷயம் என்று சொல்லியிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். ஒன்பது வயதுக்கு அது புரியாதென்று நானாக முடிவு செய்துவிட்டேன். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

அதற்கப்புறம் நீ வெளியில் என்னை முந்திக் கூப்பிட்டதே கிடையாது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். என் பிள்ளை தெருவில் கத்தமாட்டான், எவ்வளவு அடக்கம் என்று மஞ்சுளாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். நீ பட்டம் வாங்கிய அன்றைக்குக் காலேஜ் மரத்தடியில் அங்கியோடு நின்றுகொண்டு, நான் கூட்டத்தில் உன்னைத் தேடித் தேடி அலைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் கண்டுபிடித்து வாடா என்று கையசைத்த பிறகுதான் வந்தாய். பூனாவிலிருந்து வரும்போதெல்லாம் ரயில்வே ஸ்டேஷனிலும் அப்படித்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தூணருகே நிற்பாய். ரயில் அலுப்பு என்று நினைத்துக்கொள்வேன். எவ்வளவு மடச்சி நான்.

இந்த விதி சுடும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை மார்க்கெட்டில் எங்கள் சென்டருக்கு வரும் ஒருவர் என்னைப் பார்த்து உதட்டோரம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பா, வெயிலுக்குச் சுளித்த முகமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வழக்கப்படி தாண்டிப் போய்விட்டேன். அதோடு அவர் மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிட்டார். தேடிப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல் கேட்டார், நீங்களும் அதே மாத்திரைதானே சாப்பிடுறீங்க, நீங்களே என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டா நான் யார்கிட்டப் போறது என்று. நாலு தடவை நடந்து மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன். அவருக்காக நாலு தடவை நடந்தவள், வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் ஒரு தடவை கேட்கவில்லை.

நீ காவ்யாவிடம் என் நோயைப் பற்றிச் சொல்லலாமா என்று முதலில் என்னிடம் அனுமதி கேட்டாய். அதை நான் மறக்கமாட்டேன். அவள் வீட்டிலும் சொன்னாள், அவள் அப்பா ரொம்ப நாள் யோசித்தார், பிறகு அவரே நம் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுத் தேதி பார்க்கலாமா என்றார். ஆகவே நான் வாசலில் நிற்க மறுத்தது என் நோயை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றல்ல. மைசூரில் ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு, நானூறு பேர் வருவார்கள். பதினெட்டு வருஷமாக நான் துணையாக உட்கார்ந்தவர்களில் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாரைப் பற்றியும் எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன், நீயும் கேட்கக் கூடாது. ஆனால் குடும்பத்தோடு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சந்தோஷமாகப் படியேறி வருகிற ஒருத்தி, வாசலில் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனால்? அங்கே என்னால் பார்வையைத் திருப்பிக்கொண்டு நடந்து போகவும் முடியாது, செம்போடு நட்டுவைத்த மாதிரி நிற்பேன். அதற்குப் பயந்துதான் பந்தி பக்கம், சமையற்கட்டுப் பக்கம் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். உன்னிடம் இதைச் சொல்லாமல் வேறொரு பொய்யைச் சொன்னேன். பழைய பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காவ்யா அவளுடைய முகூர்த்தச் சேலையைக் கொண்டுவந்தாள். கடையில் வேண்டாம், அத்தே, நீங்கதான் பால்ஸ் தைக்கணும் என்றாள். கூடத்தில் விரித்துப் போட்டு, நீ பிடித்த மாதிரியே ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் இருவரும் ஒருநாள் ரயிலில் வந்து இறங்கினதைப் பேச ஆரம்பித்தாள். அவள் கன்னடத்தில் சொன்னதை உனக்குத் தமிழில் எழுதுகிறேன். "அன்னிக்கு உங்களை அவர் மொதல்லயே பாத்துட்டார் அத்தே. நான் கூப்பிடப் போனேன், கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். அம்மா பாக்கட்டும், அம்மா பக்கத்துல யாராவது இருப்பாங்கன்னு சொன்னார். எனக்குப் புரியலை. நீங்க தனியாத்தான நின்னுட்டு இருந்தீங்க?"

ஊசியை அப்படியே சேலையில் குத்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பால் வைக்கிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்படியானால் உனக்குத் தெரியும். எப்போது தெரிந்தது? ஏழாம் வகுப்பில் நான் நோயின் பெயரைச் சொன்னபோதே நாலாம் வகுப்பு ரோட்டை அதோடு சேர்த்துப் பார்த்துவிட்டாயா? என் பக்கத்தில் அன்றைக்கு யாரோ இருந்தார்கள் என்று நீயே கண்டுபிடித்து, என் வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று இத்தனை வருஷம் ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நான் திரும்பும் வரைக்கும் நின்றிருக்கிறாய். சம்பளம் இல்லாமல் எங்கள் விதியைக் காப்பாற்றியவன் நீ. அப்படிப்பட்டவனிடம்தான் நான் வாசலிலும் நிற்கமாட்டேன் என்றேன். உனக்குக் கோபம் வந்ததில் ஒரு தப்பும் இல்லை.

திங்கட்கிழமை சென்டரில் டீ குடிக்கும்போது மஞ்சுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மஞ்சு சித்தி எப்படி என்று உனக்குத் தெரியுமே, ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தாள். "அக்கா, வாசல்ல நிக்கறவங்க வர்றவங்களை எல்லாம் வாங்கன்னுதான சொல்லணும்? தெரிஞ்சவங்களுக்கு ஒரு பன்னீர், தெரியாதவங்களுக்கு ஒரு பன்னீரா தெளிப்பாங்க?" என்றாள். நான் டீயைக் கீழே வைத்தேன். "நீங்க யாருக்குத் தலையாட்டினாலும் அங்க என்ன சந்தேகம் வரும்? மாப்பிள்ளையோட அம்மா கூப்பிட்டாங்க, போனோம், அவ்வளவுதான். யாராவது அரை நிமிசம் திடுக்குன்னு நின்னாலும், முன்னால போனவங்களுக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் வாங்கன்னா உசுரு வந்துரும். இத்தனை வருசமா இதே வேலை பாக்கறீங்க, உங்களுக்கு இது தோணலையா?"

தோன்றவில்லை. பார்க்காமல் போவதிலேயே பழகிப்போனவளுக்கு, எல்லாரையும் பார்ப்பதுதான் வேலையாக இருக்கிற ஓர் இடம் உண்டு என்பது தோன்றவே இல்லை. யோசிக்க யோசிக்க எனக்கு ஆசையே வந்துவிட்டது. எத்தனை பேரைத் தெருவில் தாண்டிப் போயிருக்கிறேன். கர்ப்பமாக இருந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தபோது ஒரு தடவை அந்தக் கன்னத்தைக் கிள்ளக்கூட முடியாமல் போயிருக்கிறேன். வந்தால் வாயார வாங்க என்று சொல்லி, நெற்றிக்குக் குங்குமமும் கைக்குக் கற்கண்டும் கொடுக்கலாம். மஞ்சுளா நம் பத்திரிகையை யார் பெயரும் எழுதாமல் எங்கள் அறை மேஜையில் வைத்திருக்கிறாள். வர விருப்பம் உள்ளவர்கள் வருவார்கள். யார் எங்கிருந்து வந்தவர் என்று நீ தேடாதே, பந்தியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பரிமாறச் சொல்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் புத்தி சொல்லாவிட்டால் நான் என்ன அம்மா? ஒன்றுதான் சொல்கிறேன். காவ்யாவிடம் எல்லாவற்றையும் சொல் என்று நான் சொல்லமாட்டேன். மற்றவர்கள் உன்னை நம்பிச் சொன்னது உன்னோடு இருக்கட்டும், அதில் அவளுக்குப் பங்கு கிடையாது. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. பார்த்தேன், சொல்ல முடியாது என்று சொல். அவள் ஒருநாள் கோபித்துக்கொள்வாள், மறுநாள் பேசிவிடுவாள். பார்க்கவில்லை என்று நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நீ பதினேழு வருஷம் தூணருகே நின்றிருக்கிறாய்.

இப்போது ஒரே மாத்திரைதான். 'கா' கிடையாது, 'மா' மட்டும். காலண்டரில் எழுதுவதும் நின்று போய்விட்டது, செல்லில் மணி அடிக்கிறது. ஆனாலும் சாயங்காலம் நீ போனில், "மா ஆச்சா?" என்று கேட்டால்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது. நாலு நாளாக நீ கேட்கவில்லை. நாலு நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டேன், கவலைப்படாதே.

முகூர்த்தத்தன்று காலையில் நான் வாசலில் இருப்பேன். பச்சைப் பட்டு கட்டிக்கொள்கிறேன், செம்பை நானே புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன். நீ மாப்பிள்ளைக் காரிலிருந்து இறங்கும்போது என்னைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். யார் பக்கத்தில் இருந்தாலும் சரி, யாருக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாலும் சரி, நான் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்றுவிடாதே. கூப்பிடு. சயாஜிராவ் ரோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்டாயே, அதே சத்தத்தில் கூப்பிடு, சாமி. நான் திரும்புகிறேன்.

அம்மா